தட்டின கணக்கு

1

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி கதவைத் தட்டி, "எல்லாம் நலம்தானே?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. என் மகள் யாழினி டப்பாவில் சர்க்கரை கொட்டினாள். டப்பா நிறைந்தும் பொட்டலத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டப்பாவைச் சமையல் மேடைமேல் டொக் டொக்கென்று தட்டினாள். சர்க்கரை இறங்கி இடம்விட்டது. மிச்சத்தையும் கொட்டப்போனாள். உலகம் முழுக்க எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். நான்தான், "தட்டாதடீ!" என்று வீடு அதிரக் கத்திவிட்டேன்.

ஏழு வயதுப் பிள்ளை திருதிருவென்று விழித்தது. பிறகு, "தட்டுன்னா சாப்பிடறதுதானேம்மா?" என்றது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தமிழில் தெரிந்த தட்டு சோறு போடுகிற தட்டு ஒன்றுதான். அடிக்கிற தட்டு, கதவைத் தட்டுகிற தட்டு எல்லாம் அவள் தலைக்குள் ஜெர்மனில் இருக்கின்றன. தட்டில் என்ன தப்புச் செய்தோம் என்று அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. இன்னும் எத்தனை சொல் இப்படிப் பாதியாகக் கிடக்கிறதோ.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "உங்கம்மாவுக்கு ஓசூர்ல புடிச்ச வியாதி அது, விடு பாப்பா" என்றார். அந்த மனிதருக்கு எல்லாமே வேடிக்கை. போன வருஷம் அந்த ஒரு சொல்லால் நான் தூங்காமல் கிடந்தது அவருக்கும் தெரியும். இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து எட்டு வருஷம் முடிகிறது. பனி, ரொட்டி, ரயில் என்று எல்லாரும் எழுதியாகிவிட்டது. நான் தட்டினதைப் பற்றி எழுதுகிறேன்.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

பேட்டரிக்குள்ளே மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அதன்மேல் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சுக்கான பொருளை வாங்கிச் சோதித்துத் தருவது எங்கள் கம்பெனியின் வேலை. நான் கையாள்வது ஒருவகைக் கறுப்பு உருண்டைகள். ரவையைவிடக் கொஞ்சம் நைஸ். சும்மா பார்த்தால் ஆற்றுமணல் கருகினதுபோல் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும், ஒவ்வொன்றும் பொரியைப்போல உள்ளே முழுக்க ஓட்டை. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் பேட்டரியில் ஊற்றுகிற திரவம் உள்ளே நுழைந்து வேலை செய்யவேண்டும். ஓட்டை இருப்பதால்தான் அந்த உருண்டைக்கு மதிப்பு. ஓட்டை இருப்பதால்தான் அது நொறுங்கியும் தொலைக்கிறது. நொறுங்கினால் தூள் போய் வழியை அடைத்துக்கொள்ளும், பூச்சு பொருக்குப் பொருக்காக உரியும், பேட்டரி அற்பாயுசில் போய்விடும். உருண்டை உடையாமல் வந்து சேர்கிறதா, கலக்கும்போது உடையாமல் இருக்கிறதா, உருளைக்கடியில் கொடுத்து அழுத்தும்போது தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் எனக்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வேலை.

என் மேலதிகாரி கெல்லர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பேசினால் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற மாதிரி இருக்கும். ஒரு பொருள் பிரமாதமாக இருந்தால், "பரவாயில்லை" என்பார். அவர் "நன்று" என்று சொல்லி நான் கேட்டது எட்டு வருஷத்தில் அபூர்வம்.

இந்த உருண்டைகளைச் செய்து தர ஆள் தேடினார்கள். நான் இஸ்மாயில் அண்ணன் பெயரைச் சொன்னேன். ஓசூர் சிப்காட்டில் நானும் அவரும் ஒரே தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருந்தவர்கள். எண்ணெய், பெயிண்ட் என்று திரவங்களைச் சோதிப்பதுதான் எங்கள் வேலை. எனக்குக் கையைப் பிடித்து வேலை சொல்லித் தராவிட்டாலும், நான் குடுவையை உடைத்தபோதெல்லாம் தன் பெயரில் போட்டுக்கொண்டவர் அவர். கிருஷ்ணகிரியில் அவருடையது மாங்காய் மண்டிக் குடும்பம். அண்ணன் தம்பியெல்லாம் மண்டியில் உட்கார, இவர் மட்டும் கெமிஸ்ட்ரி படித்து வீணாகப் போனார் என்று அவர் வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பதிலாகவோ என்னவோ, வேலையை விட்டு, தன் பங்கைப் பிரித்து வாங்கி, சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் சொந்த யூனிட் போட்டார். கரைசலைச் சூடான காற்றில் தூவி உலர்த்துகிற இயந்திரம் ஒன்று, சூளை ஒன்று, சல்லடைகள். அவ்வளவுதான் யூனிட்.

அவர் அனுப்பிய முதல் சாம்பிள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வந்தது. ஒரு உருண்டைகூட உடைந்திருக்கவில்லை. கெல்லர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் நிமிர்ந்து, "நன்று" என்றார். சத்தியமாகச் சொன்னார். டிரம் கணக்கில் ஆர்டர் போனது. மறுநாள் இஸ்மாயில் அண்ணன் போன் போட்டார்.

"கோமதி, ரெண்டாவது சூளைக்குச் சொல்லிட்டேன்மா. இனிமே எங்கண்ணனுங்க வாயத் தொறக்கட்டும், பாக்கறேன்."

3

முதல் தடவை வந்த டிரம்மை நான்தான் திறந்தேன். மூடியைத் தூக்கினதும் கறுப்பாகப் புகை மாதிரி எழும்பியது. எனக்குப் பகீரென்றது. உருண்டை முழுசாக இருந்தால் புழுதி பறக்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாதிக்குமேல் சில்லு.

"உங்கள் நாட்டுச் சாலைகள்" என்றார் கெல்லர்.

எனக்கு வந்ததே கோபம். "ஓசூரிலிருந்து நாலுவழிச் சாலை, வந்து பாருங்கள்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த தடவை டிரம்மில் ஒட்டும்படி ஒருவகை ஸ்டிக்கர்களை அனுப்பச் சொன்னார். டிரம் எங்கேயாவது பலமாக மோதினால் அந்த ஸ்டிக்கர் சிவப்பாகிவிடும்.

இரண்டாவது தடவை டிரம்கள் வந்தன. ஸ்டிக்கர்கள் எல்லாம் வெள்ளைவெளேரென்று இருந்தன. சாலையும் தப்பித்தது, கப்பலும் தப்பித்தது. உள்ளே மட்டும் அதே சில்லு, அதே தூள்.

கெல்லர் குரலை உயர்த்தவில்லை. "டிரம்மை மூடுவதற்கு முன்பே உடைகிறது. மூன்றாவது தடவையும் இப்படி என்றால் வேறு ஆளைப் பார்ப்போம்" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன்.

அன்றைக்கு மத்தியானம் ஓசூருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, டிரம்ம மூடறதுக்கு முன்னாடியே ஒடையுதுன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க? நாங்க பச்சக் கொழந்தயத் தூக்கறாப்லத் தூக்கறோம். கொட்டற சரிவு பூரா ஸ்பாஞ்சு ஒட்டி வெச்சிருக்கேன். அள்ளற மக்கு கூட பிளாஸ்டிக்கு. இதுக்குமேல இன்னா பண்ணணும்ன்ற?"

"அப்ப எப்பிடிண்ணா ஒடையுது?"

"அங்க தொறக்கறப்ப ஒடைக்கறாங்களோ என்னமோ."

"இங்க தொறக்கறது நான்தாண்ணா."

"நீ இப்ப அவுங்க ஆளு ஆயிட்ட கோமதி" என்றார். வைத்துவிட்டார்.

சுருக்கென்றது. இங்கே எட்டு வருஷமாக நான் "அவுங்க ஊர்" ஆள். பத்துக்கடை ஏறி இறங்கினால் பத்திலும் "எந்த நாடு?" என்பார்கள். அங்கே நான் இவர்கள் ஆளாகிவிட்டேனாம். என் பேச்சை நம்பி இவர்கள் ஆர்டர் கொடுத்தார்கள், என் பேச்சை நம்பி அவர் சூளை வாங்கினார். நடுவில் அகப்பட்டு நசுங்கினது நான். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை. மூன்றாவது லோடு என்றைக்கு நிரப்பப் போகிறோம் என்று ஒரு மெயில் மட்டும் வந்தது. அதில் முதல் வரி, 'டியர் மேடம்.'

நேரில் போய்ப் பார்த்தால்தான் ஆகும் என்று முடிவு செய்தேன். லீவு போட்டேன்.

4

ஊருக்குப் போவதென்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. என் குடியிருப்பு அனுமதி முடிகிற சமயம். அதைப் புதுப்பிக்காமல் போனால் திரும்பி வரமுடியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நம்பர் சீட்டு எடுத்து உட்கார்ந்தேன். என் முறை வந்தது. கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு அம்மாள் என் காகிதங்களைப் புரட்டினாள்.

பிறப்புச் சான்றிதழில் ஓசூர், தர்மபுரி மாவட்டம் என்றிருந்தது. புதிய பாஸ்போர்ட்டில் அதே ஓசூர், அதே தெரு, ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டம். நான் இங்கே வந்தபிறகுதான் ஊரில் மாவட்டத்தைப் பிரித்தார்கள். அம்மாளுக்கு அது எப்படித் தெரியும்?

"தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு எப்போது குடிமாறினீர்கள்?"

"நான் மாறவில்லை. மாவட்டம்தான் மாறியது."

"மாவட்டம் எப்படி மாறும்?"

இந்த இடத்தில் என் ஜெர்மன் காலை வாரிவிட்டது. இரண்டாகப் பிரிந்தது என்று சொல்லவேண்டும். வாயில் வந்ததோ புருஷன் பெண்டாட்டி பிரிவதற்கான சொல். "தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் விவாகரத்து செய்துகொண்டார்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'திருமணமானவர்' என்று நான் குறி போட்டிருந்த கட்டத்தை உற்றுப் பார்த்தாள். "இது உங்கள் கணவரைப் பற்றியதா?" என்றாள், ரொம்ப இரக்கமாக.

அப்புறம் ஒரு தாளில் படம் வரைந்து, கோடு போட்டு, மேலே இது, கீழே அது என்று விளக்கினேன். அவள் அதற்கும் ஒரு அரசாங்கச் சான்று கேட்டாள். அதை வரவழைத்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி முடிப்பதற்குள் மூன்றாவது லோடு நிரப்புகிற தேதி நெருங்கிவிட்டது. அனுமதி கைக்கு வந்த வாரமே யாழினியையும் இழுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

5

பெங்களூரில் இறங்கி அத்திப்பள்ளி தாண்டும்போதே கடைப்பலகைகள் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறின. யாழினி இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இஸ்மாயில் அண்ணன் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மேடம்" என்றார். யாழினி கன்னத்தைத் தொட்டு, "வளந்துட்டாங்களே" என்றார். பிள்ளைக்கும் மரியாதைப் பன்மை. எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

நிரப்புகிற வேலைக்கு மாதம்மா என்பவர்தான் பொறுப்பு. அஞ்செட்டிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வீட்டில் கன்னடம், புருஷன் வீட்டாரோடு தெலுங்கு, வேலையில் தமிழ். யாழினியைப் பார்த்ததும், "ஊட்டா ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். பிள்ளை விழிக்கவும், "தின்னாவா?" என்று தெலுங்கில் கேட்டார். அதற்கும் விழிக்கவும், "சாப்டியா கண்ணு?" என்றார். "யா" என்றாள் இவள்.

"இது எந்த ஊரு பாஷைம்மா?" என்று மாதம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உலர்த்துவதைப் பார்த்தேன், சுடுவதைப் பார்த்தேன், சலிப்பதைப் பார்த்தேன். அண்ணன் போனில் சொன்னதில் பொய்யே இல்லை. ஸ்பாஞ்சுச் சரிவு வழியாக உருண்டைகள் சத்தமே இல்லாமல் இறங்கின. மாதம்மா மக்கில் அள்ளி டிரம்முக்குள் இருந்த பையில் சாய்த்த விதம், எங்கள் ஆய்வுக்கூடத்தில்கூட அப்படி யாரும் செய்யமாட்டார்கள். நடுநடுவே நான் கொஞ்சம் எடுத்து, கொண்டுவந்த சிறு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். எல்லாம் முழுசு. இங்கே உடையவில்லை, வழியில் உடையவில்லை, அங்கே திறந்தால் சில்லு. இது என்ன மாயமந்திரமா?

டிரம் நிறைகிற சமயத்தில் இஸ்மாயில் அண்ணன் வந்தார். "சாப்பாடு ஆறிடும் மேடம், பாப்பாவுக்கும் பசிக்கும். இனிமே மூடறதுதான், ஒண்ணுமில்ல" என்றார். பிரியாணி வாசனை அவர் அறையிலிருந்து வந்தது. யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டைத் தாண்டி அறைக்குள் காலை வைத்திருப்பேன். பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

டொப். டொப். டொப். டொப்.

திரும்பி ஓடினேன். டிரம்முக்குள் உருண்டைகளின்மேல் வட்டமாக ஒரு பலகை. அதை ஓர் ஆள் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திக்கொண்டு நிற்கிறார். மாதம்மா ரப்பர் சுத்தியலால் டிரம்மைச் சுற்றிவந்து சாத்து சாத்தென்று சாத்துகிறார். முகமெல்லாம் வேர்வை.

"மாதம்மா, நிறுத்துங்க! இன்னா பண்றீங்க?"

"தட்டறோம்மா."

"எதுக்குத் தட்டறீங்க?"

இவளுக்கென்ன பைத்தியமா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "எதுக்கா? நீங்கதான தட்டச் சொல்லி எழுதி அனுப்பிச்சீங்க? அந்தக் கோட்டுக்கு எறங்கற வரைக்கும் தட்டணும். தோளு வுட்டுப்போவுது."

டிரம்மின் உள்பக்கம், விளிம்புக்குக் கீழே, ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

இஸ்மாயில் அண்ணன் பின்னாலேயே வந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். எங்கள் கம்பெனி தாள். பொருள் எப்படி இருக்கவேண்டும் என்கிற விவரங்கள். அதில் ஒரு வரி 'டேப் டென்சிட்டி'. பக்கத்தில் ஓர் எண்.

"டென்சிட்டின்னா அடர்த்தி, அது எனக்குத் தெரியும். அது இன்னா டேப்புன்னு மட்டும் யோசிச்சேன்" என்றார். "டேப்னா தட்டறது. மாதம்மாவக் கேட்டேன், கன்னடத்துல தட்டுன்னா இன்னான்னு. தட்டறதுதான்னுச்சி. பலக புடிக்கறவன் தெலுங்கு, அவனக் கேட்டேன், தட்டறதுதான்னான். மூணு பாஷையிலயும் அதே சொல்லு, அதே அர்த்தம். இதுல எங்கருந்து தப்பு வரும்? கீழ்வரியிலயே ஒரு டிரம்முக்கு எவ்ளோ எடைன்னு போட்டிருக்குது. டிரம் அளவ வெச்சிக் கணக்குப் போட்டு, எதுவரைக்கும் எறங்கணும்னு நாந்தான் கோடு போட்டேன்."

கணக்கு அச்சு அசலாகச் சரி. அதுதான் கொடுமை.

நான் அங்கேயே ஒரு டம்ளரை எடுத்து வைத்துச் சொன்னேன். பொடி வேலையில் இருக்கிறவர்கள் ஒரு கைப்பிடியை அளவுக்குழாயில் போட்டு, ஓர் இயந்திரத்தில் வைத்து லேசாகத் தட்டி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கைப்பிடியைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அது உருண்டைக்கு வைக்கிற பரீட்சை. அனுப்புகிற டிரம்மைத் தட்டச் சொல்கிற உத்தரவு இல்லை. சாம்பிள் குப்பியில் ஏன் உடையவில்லை என்றால், குப்பியைத் தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மாதம்மா சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டார். "தட்டாம எப்பிடீம்மா தட்டுன கணக்கு வரும்? தட்டுனதாலதான கோட்டுக்கு வந்துச்சி?"

"ஒடஞ்சதாலதான் கோட்டுக்கு வந்துச்சி மாதம்மா."

இஸ்மாயில் அண்ணன் கவிழ்த்து வைத்திருந்த காலி டிரம்மேல் உட்கார்ந்தார். "ரெண்டு லோடு" என்றார். "ஸ்பாஞ்சு போட்டு எறக்கி, கடைசியில நானே ஒடச்சி அனுப்பியிருக்கேன்."

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக்கூடாது, வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாலும் நிற்கவில்லை. அவர் முறைத்தார். மாதம்மா என்னைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார், பொத்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ சாமி, இதுக்கா நானு தைலம் தேச்சிக்கிட்டு படுத்தேன்!" பலகைக்காரரும் சிரித்தார். இஸ்மாயில் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

தட்டாமல் நிரப்பினால் சொன்ன எடை ஒரு டிரம்மில் கொள்ளவில்லை. கூடுதலாக டிரம்கள் வேண்டியிருந்தன. மேலே கொஞ்சம் இடம் விட்டால் கப்பலில் ஆடி ஆடி ஒன்றோடொன்று உரசும். அதற்கு வழி சொன்னது அண்ணன்தான். மாங்காய்க் கூடையில் மேலே வைக்கோல் பரப்பி, அமுக்காமல், ஆடவும் விடாமல் கட்டுவார்களாம். அதேபோல வட்டமாக வெட்டின ஸ்பாஞ்சை மேலே வைத்து, தொட்டும் தொடாமலும் மூடியைப் போட்டோம். மாதம்மாவுக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை. "தொறந்ததும் ஸ்பாஞ்சுதான் தெரியும். கொறைச்சிப் போட்டு ஏமாத்தறோம்னு நெனைக்கமாட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இன்டர்நெட் சென்டருக்குப் போய் கெல்லருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'அது சோதனைக்கு மட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் என்றால் யாருக்கு? எட்டு வருஷமாக இந்த 'எல்லோருக்கும் தெரியும்' என்பதில்தான் நான் முட்டிக்கொண்டு வருகிறேன். குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்தில் துணி துவைக்கக்கூடாது, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். நமக்குத் தெரியாவிட்டால் நாம் அந்த எல்லோரில் சேர்த்தி இல்லை. அப்படியே எழுதினேன், மரியாதையில் ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல், கோபத்திலும் ஒரு வார்த்தை குறைக்காமல். 'மூன்று மொழியில் கேட்டு மூன்றிலும் ஒரே பதில் வாங்கின பிறகுதான் இவர்கள் தட்டினார்கள். நீங்கள் ஒரு மொழியில்கூடச் சொல்லவில்லை' என்று முடித்தேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. ஆனால் மறுநாள் வந்த புதிய தாளில் அந்த வரிக்குக் கீழே, 'சோதனைக்கூடத்தில் மட்டும். டிரம்மைத் தட்டவேண்டாம்' என்று இருந்தது. அதற்கும் கீழே, மூன்றாவது லோடே கடைசி வாய்ப்பு என்பதில் மாற்றமில்லை என்றும் இருந்தது.

கிளம்புகிற அன்றைக்கு இஸ்மாயில் அண்ணன் யாழினிக்கு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். என்னிடம், "பாஸானா நீங்க போன் பண்ணுங்க. ஆவலன்னா நீங்க பண்ணவேணாம், மெயில் வரட்டும். உங்க வாயால கேக்கவேணாம்" என்றார். இன்னும் 'நீங்க'தான். அவர் மட்டும் ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஒருத்தர்மேல் ஒருத்தர் சந்தேகப்பட்டது சும்மா துடைத்தெறிகிற காரியம் இல்லையே. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அழுதேன். யாழினி ஜெர்மனில், "ஜூஸ் நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டாள்.

6

மூன்றாவது லோடு வந்த அன்று மூடியைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரனைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் நின்றேன். "மேலே ஏதோ ஸ்பாஞ்சு இருக்கிறதே" என்றான். "தூக்கு" என்றேன். தூக்கினான். புழுதி பறக்கவில்லை.

ஆனாலும் சோதனை எல்லாம் முடியவேண்டும், கலக்கிப் பார்க்கவேண்டும், தகட்டில் பூசி அழுத்திப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு முடிவு சொல்லும் கூட்டம். மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஸ்பீக்கர் போன். மறுமுனையில் ஓசூர் ஷெட்டிலிருந்து இஸ்மாயில் அண்ணன். "குட் மார்னிங்" என்றார், அங்கே மத்தியானம் ஆகியிருந்தபோதும்.

கெல்லர் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டார். சுவர் நிறைய முழு உருண்டைகள். எண்களை வாசித்தார், ரயில் நிலைய அறிவிப்புப்போல. கடைசியில் ஆங்கிலத்தில், "ஏற்றுக்கொள்கிறோம். ஆர்டர் தொடரும். நல்ல வேலை" என்றார்.

உடனே மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் விரல் முட்டியால் மேசையை டொக் டொக் டொக்கென்று தட்டினார்கள். இந்த ஊர் வழக்கம் அது. கூட்டத்தில் ஒருவரைப் பாராட்டவேண்டும் என்றால் கைதட்டமாட்டார்கள், மேசையைத் தட்டுவார்கள். எனக்குப் பழகிவிட்டது. அண்ணனுக்கு எப்படித் தெரியும்? கெல்லரின் உச்சரிப்பும் அவருக்குச் சரியாகப் பிடிபட்டிருக்காது.

"கோமதி! கோமதி!" என்று ஸ்பீக்கரில் பதறினார். "இன்னாம்மா சத்தம்? கோவமா இருக்காங்களா? எத அடிக்கறாங்க? டிரம்மையா? தட்டவேணாம்னு சொல்லும்மா!"

"இல்லண்ணா. மேசையத்தான் தட்டறாங்க. இங்க கைதட்டறது இப்பிடித்தான். உங்களப் பாராட்டறாங்கண்ணா. பாஸாயிட்டோம்."

"பாஸா?"

"பாஸ்ணா."

கெல்லர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினேன். ஸ்பீக்கரில் அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது, மாதம்மா சிரிப்பது கேட்டது. பிறகு திடீரென்று அந்த ஓசூர் ஷெட்டிலிருந்து டொம் டொம் டொம்மென்று சத்தம் எங்கள் அறையை நிறைத்தது. ஒருவர் இல்லை, நாலைந்து பேர் சேர்ந்து அடிக்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணா!" என்று கத்தினேன்.

"பயந்துக்காத கோமதி" என்றார். "காலி டிரம்மு."